இரண்டு சாமி படங்களுக்குப் பின்னால் ஒரு குதிரைக்காரி

என் வீட்டுக் கூடத்துக்கு முதல் தடவை வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அப்படியே நின்றுவிடுவார்கள். எதிர்ச் சுவரில் சாமி படம் இருக்க வேண்டிய இடம் முழுக்கக் குதிரைகள். குதிரைகள் மேல் பெரிய தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள். ஒருவன் இரண்டு கையிலும் துப்பாக்கி வைத்திருப்பான். ஒருவன் கயிற்றைச் சுழற்றுவான். ஒருவன் ஓடுகிற ரயிலின் கூரைமேல் குப்புறப் படுத்திருப்பான். எல்லாம் ஊமைப்படக் காலத்து அமெரிக்கக் குதிரைவீரன் படங்களின் போஸ்டர்கள். நூறு வயது இருக்கும். "இன்னாங்க இது, சாமி ஊர்ல, ஊட்டுக்குள்ள துப்பாக்கியும் கையுமா?" என்று கேட்டே விடுவார்கள். "ஆங், எனக்குப் புடிச்சிருக்கு, மாட்டிகினு கீறேன். காபி சாப்புடுறீங்களா?" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல மாட்டேன். இங்கே மட்டும் சொல்கிறேன். இந்தச் சுவரை வைத்து ஊரில் என்னைப் பற்றி நாலு விதமாகப் பேசுகிறார்கள், அதில் ஒன்றாவது உருப்படியாக இருக்க வேண்டாமா?

திருத்தணி தாலுகா ஆபீஸுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன். இந்த ஊரில் காகிதத்துக்கு உயிர் உண்டு. பட்டா, சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், எதுவானாலும் கைக்கு வந்த அன்றே கொண்டுவந்து லேமினேஷன் போட்டுக்கொண்டு போனால்தான் சோறு இறங்கும். ஒருவர் தன் கல்யாணப் பத்திரிகைக்குப் போட்டார். இன்னொருவர் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டுக்குப் போட்டுக்கொண்டு போய், மறுநாள் மருந்துக்கடைக்காரர் அதில் முத்திரை குத்த முடியாமல் திட்டினார் என்று என்னிடம் வந்து சண்டை போட்டார். அவர் கேட்டார், நான் போட்டேன், என் மேல் என்ன தப்பு? அந்தப் பழக்கம் என் கையிலும் ஊறிக் கிடந்தது. அதனால்தான் நான் என் வாழ்க்கையில் செய்த பெரிய மடத்தனத்தைச் செய்தேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு குரங்கால் எல்லாம் ஆரம்பித்தது. மலைக்குக் கீழே குடியிருக்கிறவர்களுக்குக் குரங்கு தாயாதி மாதிரி. கதவு திறந்திருந்தால் போதும். அன்றைக்குச் சாமி அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் வாழைப்பழம் வைத்துவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். குரங்கு பழத்தை எடுத்துக்கொண்டு போகிற அவசரத்தில் படத்தையும் இழுத்துத் தள்ளிவிட்டது. கண்ணாடி சுக்கு நூறு.

அது எனக்கு அம்மா கொடுத்த படம். தாத்தா காலத்தில் முருகன் படமும் லட்சுமி படமும் ஒரே நாளில் ஒரே கடையில் சட்டம் போட்டு வாங்கியவையாம். மணி மணியாகச் செதுக்கிய தேக்குச் சட்டம், பின்னால் சிவப்பாக ஒரு கடைச் சீட்டு ஒட்டியிருக்கும். எனக்குக் கல்யாணம் ஆனபோது அம்மா முருகனை எனக்குக் கொடுத்தாள். லட்சுமியைத் தம்பிக்கு வைத்துக்கொண்டாள். லட்சுமி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, அதுதான் கணக்கு.

கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டு மாமியார் ஓடி வந்தார். "ஒடைஞ்ச சாமி படம் ஊட்ல இருக்கக் கூடாது. கொளத்தாண்ட அரச மரத்தடியில வச்சிட்டு வந்துடு" என்றார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். சாமி படத்தைக் குப்பையில் போட முடியாது, வீட்டிலும் வைக்கக் கூடாது, மரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கண்ணாடிதானே போச்சு, முருகன் நன்றாகத்தானே இருக்கிறார், வேறு கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்று பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கினேன். பலகையை எடுத்தால், பலகைக்கும் முருகனுக்கும் நடுவில் தடித்த காகிதம் ஒன்று, அச்சடித்த பக்கம் உள்பக்கமாக வைத்து அடைத்திருந்தது. திருப்பினேன்.

குதிரையின் பின்பாதி. பாய்கிற குதிரை. வால் நீட்டிக்கொண்டு பறக்கிறது, பின்னங்கால்களுக்குக் கீழே மஞ்சள் புழுதி கிளம்புகிறது. சேணத்தின் மேல் தோல் பாவாடையும் பூட்ஸும் போட்ட ஒரு பெண்ணின் முதுகு. காற்றில் அடித்துக்கொண்டு போகிற கூந்தல். ஒரு முழங்கை. ஒரு காது. அவ்வளவுதான். அந்தக் காதோரம் கத்தி போயிருந்தது. சட்டம் போடுகிறவர் ஒரு போஸ்டரை நேர் நடுவில் வெட்டி இரண்டு படத்துக்கு அடைப்பாக வைத்திருக்கிறார். படப்பெயர் இருந்திருக்கக்கூடிய கீழ்ப்பகுதியையும் சட்டத்து அளவுக்கு நறுக்கி எறிந்திருக்கிறார்.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை, அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. பெண்பிள்ளை குதிரை ஓட்டுகிறாள். யாரையாவது துரத்துகிறாளா, யாராவது துரத்துகிறார்களா? சிரிக்கிறாளா, பயப்படுகிறாளா? முகம் இருந்தால்தானே தெரியும்! எனக்கு அந்த முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. வயசு முப்பத்தைந்தைத் தாண்டிய, இரண்டு பிள்ளை பெற்ற பொம்பளைக்கு இப்படி ஒரு ஆசை வரலாமா என்று கேட்டால், வந்துவிட்டது, என்ன செய்ய?

மறுநாள் காலை கடைக்குப் போனதும் செய்த முதல் வேலை, அதை லேமினேஷன் போட்டது. கிராம வரைபடம் போடுகிற பெரிய மெஷினில் விட்டேன். மறுபக்கம் வரும்போது சூட்டில் அங்கங்கே குமிழ் கிளம்பி, மஞ்சள் புழுதி பழுப்பாகியிருந்தது. "போகட்டும், இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, கடைக் கம்ப்யூட்டரில் இதைப் பற்றித் தேடித் தேடி, சென்னையில் பழைய சினிமா போஸ்டர் சேர்க்கிற ஒருவரைப் பிடித்தேன். மின்சார ரயில் பிடித்துக் கடைக்கே வந்துவிட்டார். லேமினேஷனைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"மேடம், கொன்னுட்டீங்களே!"

"யார சார் கொன்னேன்?"

"சூடு காட்டிட்டீங்க. இனிமே பிரிக்கவும் முடியாது. இதுக்கு மதிப்பே கிடையாது." அப்புறம் அவரே கொஞ்சம் மனசு இறங்கி விவரம் சொன்னார். இது ஊமைப்படப் போஸ்டர், அந்தக் காலத்தில் கல்லில் வரைந்து அச்சடித்தது. அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றின் பிலிமே இன்று உலகத்தில் கிடையாது, எரிந்தும் இற்றும் போய்விட்டன. பேசும்படம் வந்ததும் கூடாரக் கொட்டகைக்காரர்கள் பழைய போஸ்டர்களைக் கட்டோடு எடைக்குப் போட்டிருப்பார்கள், அதைச் சட்டம் போடுகிற கடைக்காரர் வாங்கியிருப்பார். "முன்பாதி கிடைச்சா தயவுசெஞ்சு மெஷின்ல விடாதீங்க, எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றார். "கிடைச்சா நான் வச்சுக்குவேன் சார்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். மதிப்பு இல்லை என்கிறார்! பிலிமும் இல்லை, பெயரும் இல்லை, அவளைப் பார்த்த ஆட்களும் இல்லை. உலகத்தில் அவளுக்கு மிச்சம் இருப்பது என்னிடம் உள்ள ஒரு காதும், எங்கேயோ உள்ள ஒரு முகமும். அதற்கு அவர் மதிப்புப் போடுகிறாராம்.

ஆனால் அவர் சொன்னதில் எனக்கு ஒரு வழி கிடைத்தது. கடைக்காரர் ஒரு கட்டு வாங்கினார் என்றால், அந்தக் கட்டில் இருந்த மற்ற போஸ்டர்களும் இந்தச் சுற்றுவட்டாரத்துச் சாமிகளின் முதுகுக்குப் பின்னால்தானே இருக்க வேண்டும்? அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் குளக்கரை மரத்தடிக்குப் போக ஆரம்பித்தேன். கையில் ஒரு குறடு, ஒரு கட்டு சூடம். மணிச் சட்டமும் சிவப்புச் சீட்டும் உள்ள படங்களை மட்டும் எடுப்பேன். பின்பலகையைக் கழற்றிப் பார்ப்பேன். முக்கால்வாசி பழைய நாளேடு, சோப்புப் பெட்டி அட்டை, காலண்டர் தாள்தான் இருக்கும். பார்த்துவிட்டுப் பலகையைத் திரும்ப வைத்து, ஆணி அடித்து, இருந்த இடத்திலேயே வைத்துச் சூடம் ஏற்றிவிட்டுத்தான் கிளம்புவேன். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் எல்லாரும் வீட்டைக் கழுவிப் பழைய படங்களை வெளியே எடுப்பார்கள். அதுதான் எனக்கு அறுவடைக் காலம். அரக்கோணம் போவேன், எல்லை தாண்டி நகரிக்கும் போவேன். அங்கே ஒரு தெலுங்கு அம்மா, "அம்மா, சாமிக்கு வைத்தியம் பாக்க வந்துட்டியா?" என்று கேலி செய்துகொண்டே தன் வீட்டுப் படத்தைக் கழற்றிக் காட்டினார். ரயில் கூரையில் படுத்திருப்பவன் அங்கே கிடைத்தவன்தான்.

ஊர் சும்மா இருக்குமா? சாமி படம் திருடுகிறாள் என்றார்கள். பில்லி சூனியத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறாள் என்றார்கள். ஒருநாள் பூக்கடைக்காரர் மரத்தடியிலேயே என்னை மறித்து, "இன்னாம்மா, சாமிய நோண்டிகினு கீற?" என்று கத்தினார். நாலு பேர் கூடிவிட்டார்கள். "நீங்க ஒடைஞ்சதுன்னு வெளிய போட்ட சாமிக்கு நான்தான்யா வாரா வாரம் சூடம் ஏத்துறேன். நீ ஏத்துனியா?" என்று கேட்டேன். பயந்துகொண்டிருந்தால் ஒரு குதிரைகூட என் சுவருக்கு வந்திருக்காது. பதினைந்து வருஷத்தில் ஒன்பது கிடைத்தன. ஒன்றைக்கூட லேமினேஷன் மெஷின் பக்கம் கொண்டுபோகவில்லை, நல்ல கண்ணாடியும் சட்டமும் போட்டு மாட்டியிருக்கிறேன். ஒன்பதிலும் ஆண்கள். குதிரைக்காரியின் முகம் மட்டும் வரவில்லை.

அது எங்கே இருக்கிறது என்று எனக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. ஒரே நாளில் போட்ட இரண்டு சட்டம். ஒன்றில் பின்பாதி என்றால் மற்றதில்? ஆனால் தம்பி வீட்டுக்குப் போய் லட்சுமியை இறக்கி ஆணி பிடுங்கு என்று எப்படிக் கேட்பது? அம்மா இருக்கிற வரைக்கும் நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே போய்விட்டது. அம்மா போன பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோதுதான் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு இடம் கிடைத்தது. பின்பலகையில் நீளமாக ஒரு விரிசல் விட்டிருந்தது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், படத்தைச் சுவரிலிருந்து லேசாகத் தள்ளி விரிசல் வழியாக எட்டிப் பார்த்தேன். இதில் அச்சடித்த பக்கத்தைப் பலகையைப் பார்க்க வைத்திருந்தார்கள். ஒரு குளம்பு. அதைச் சுற்றி மஞ்சள் புழுதி. என் வீட்டுப் புழுதி!

"எதுக்கு அண்ணி லட்சுமியத் தொடறீங்க?" பின்னால் தம்பி பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பின்னாடி ஒரு காயிதம் இருக்கு, அத மட்டும்..."

"எங்க ஊட்டு லட்சுமிய எடுத்துகினு போகப் பாக்குறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்தான். கையில் ஒரு காகிதம். சண்டையை விலக்க வந்தான் என்றுதான் நினைத்தேன். இல்லை. "அக்கா, எல்லாரும் கீறாங்க, இப்பவே பேசி முடிச்சிடலாம். இதுல ஒரு கையெழுத்து போடு" என்றான். விடுதலைப் பத்திரம்.

அது என்ன பத்திரம் என்று எனக்கா தெரியாது? வாரத்துக்கு நாலு நானே டைப் அடிக்கிறேன். அப்பா செத்ததும் அண்ணன் தம்பிகள் அக்கா தங்கச்சியை ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூட்டி வருவார்கள். அப்பன் சொத்தில் எனக்கு எந்தப் பாகமும் வேண்டாம், மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கும். அதற்கு ஒரு பட்டுப்புடவை, ஒரு தாம்பூலத் தட்டு. அவர்கள் என் கடை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், நான் அடித்துக்கொண்டிருப்பேன். யாரும் ஒரு வரி படித்துப் பார்க்க மாட்டார்கள். "எங்க கையெழுத்து போடணும்?" என்று மட்டும் கேட்பார்கள். திருவாலங்காட்டுப் பக்கம் எங்கள் நைனா கரும்பு போட்ட நிலத்துக்கு அந்தப் பத்திரத்தை என் முன்னால் நீட்டினான் தம்பி. நைனாவுக்கு நானும்தான் பிறந்தேன். அவருக்கு வயலுக்குச் சோறு கொண்டுபோனவள் நான். கடைசி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது மூத்திரச் சட்டி எடுத்தவளும் நான்.

"மாட்டேன்" என்றேன்.

"ஊர்ல எல்லா பொண்ணுங்களும் போட்டுக் குடுக்கல?"

"நான் போட மாட்டேன்டா. எனக்கு எழுதுனத படிக்கத் தெரியும்."

பந்தியில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்றைக்குத் தம்பி சொன்னான், "அப்படின்னா இனிமே எனக்கு அக்கா கிடையாது." சொன்னபடி நடந்துகொண்டான். ஏழு வருஷம். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது எட்டிப் பார்க்கவில்லை. அவன் பெண்ணுக்குச் சடங்கு வைத்தபோது என்னைக் கூப்பிடவில்லை. மாமன் சீர் மாதிரி அத்தை சீர் என்று ஒன்று உண்டு, நான் புடவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நடுவில் என் வீட்டுக்காரரை அரக்கோணம் ஸ்டேஷனில் பார்த்து ஒரு சேதி மட்டும் சொல்லி அனுப்பினான். "பாவா, அந்த லட்சுமி படத்துக்குப் பின்னாடி இருக்கற காயிதம்தான அக்காவுக்கு வேணும்? கையெழுத்த போடச் சொல்லுங்க, எடுத்துக்கட்டும்." என் வீட்டுக்காரர் என் போஸ்டர் வேலையில் தலையிட மாட்டார், திட்டவும் மாட்டார். அவரே வந்து, "ரொம்ப ஆசப்படறியே, போட்டுடேன். அந்த நெலத்துல நமக்கு என்ன வந்துடப்போகுது?" என்றார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த பாட்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதும் உண்மை. கூடத்துச் சுவரில் மற்றவர்களுக்கு நடுவில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறாள். ஒரே ஒரு கையெழுத்துத்தான், திரும்பிவிடுவாள் என்று தோன்றும். காது எனக்கு, முகம் அவனுக்கு. பாகப் பிரிவினையில் இப்படியும் ஒரு பங்கு உண்டா?

இந்த வருஷம் மனை பிரித்து விற்கிறவர்கள் அந்தப் பக்கமெல்லாம் கல் நட ஆரம்பித்தார்கள். நைனா நிலத்தை வாங்கவும் ஆள் வந்துவிட்டது. என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும், கடையில் ஒரே கூட்டம். தலையை நிமிர்த்தினால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் தம்பி. தலை பாதி நரைத்திருந்தது. அதை நான் பார்க்கவே இல்லையே என்று முதலில் அதுதான் தோன்றியது.

"நல்லா கீறியாக்கா?"

"கீறேன். உக்காரு. டீ சொல்றேன்." அக்கா என்று கூப்பிட்டுவிட்டான். என் முகத்தை அவனுக்குக் காட்டக் கூடாது என்று பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

டீ குடித்து முடித்துவிட்டு ஒரு பையைத் திறந்தான். ஒரு நாளேட்டுச் சுருளை எடுத்தான். "நீ கேட்டுகினு இருந்தியே, அத்த எடுத்துகினு வந்துட்டேன். நானே ஆணியப் பிடுங்கி எடுத்தேன். ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு அரக்கோணத்துல குடுத்து லேமினேஷன் போட்டுட்டேன்" என்றான், பெரிய காரியம் செய்துவிட்ட பெருமையோடு.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை.

"ஏன்க்கா சிரிக்கிற?"

"நானும் அதையேதான்டா பண்ணேன்! கொன்னுட்டன்னு ஒருத்தர் தலைல கைய வச்சிகினு போனாரு."

அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஏழு வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தோம். ஒரே வயிற்றில் பிறந்தால் மடத்தனமும் ஒன்றாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் அவனுக்கு எதையும் கொடுத்திருப்பேன். அப்போது அவன் சுருளோடு சேர்த்து அந்தப் பத்திரத்தையும் எடுத்தான். புதிதாக அடித்த விடுதலைப் பத்திரம். என் பெயரும் கதவு எண்ணும் எல்லாம் சரியாக இருந்தன. வேறு கடையில் அடித்திருக்கிறான், எழுத்தின் அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

"இதுல ஒரு கையெழுத்து. அப்பால இது உன்னுது" என்றான்.

சிரிப்பு நின்றுவிட்டது. கோபம் வந்தது. அழுகையும் வந்தது. ஆனால் என் கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. இந்த ஊரில் எந்த வேலைக்கு வந்தாலும் முதலில் ஜெராக்ஸ், அப்புறம்தான் கையெழுத்து. நான் கையை நீட்டினால் போதும், தாசில்தாரிடம் மனு கொடுக்க வந்தவரானாலும் சரி, வக்கீலானாலும் சரி, கையில் உள்ளதையெல்லாம் கொடுத்துவிடுவார்கள். யாரும் எதற்கு என்று கேட்டதில்லை. நான் கையை நீட்டினேன்.

"குடு. ஜெராக்ஸ் எடுக்கணும்."

தம்பி பத்திரத்தைக் கொடுத்தான், தன் ஆதார் அட்டையைக் கொடுத்தான், நாளேட்டுச் சுருளையும் கொடுத்தான்.

மெஷின் பக்கம் திரும்பிச் சுருளைப் பிரித்தேன். குதிரையின் கழுத்து, முன்னங்கால்கள், விரிசலில் பார்த்த அந்தக் குளம்பு. கடிவாளத்தை இழுத்துப் பிடித்த இரண்டு கை. கழுத்தோடு ஒட்டிக் குனிந்த அவள் முகம்.

சிரிக்கவில்லை. பயப்படவும் இல்லை. நான் பதினைந்து வருஷமாக அவளுக்குப் போட்டுப் பார்த்த முகங்களில் ஒன்றுகூட அது இல்லை. அவள் கோபமாக இருந்தாள். புருவம் நெறித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரில் எவனோ நிற்கிற மாதிரியும் அவனுக்காக வழியை விட்டு ஒதுங்கப் போவதில்லை என்கிற மாதிரியும் பார்த்தாள். கன்னத்தில் ஒரு பூச்சி அரித்த ஓட்டை. நெற்றியில் லேமினேஷன் குமிழ். நல்ல அழகி என்று சொல்ல முடியாது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நன்றாகப் பார்த்தேன். பின்னால் கூட்டம் "சீக்கிரங்க" என்றது, அப்பவும் பார்த்தேன். பிறகு முகம் கண்ணாடிமேல் படுகிற மாதிரி வைத்துக் கலரில் ஒரு காப்பி எடுத்தேன்.

அசலைச் சுருட்டினேன். நாளேட்டைச் சுற்றினேன். பத்திரம், ஆதார் அட்டை, சுருள், மூன்றையும் கவுண்டர்மேல் வைத்தேன்.

"இந்தா."

"கையெழுத்து?"

"போட மாட்டேன்."

"அப்ப இது உனக்கு வேணாமா?"

"மொகத்தப் பாத்துட்டேன். அது உன் பாகம், நீ எடுத்துகினு போ. எம் பாகம் என்னுது."

அவன் முகம் சிவந்துவிட்டது. "ஏமாத்திட்டியேக்கா!"

"யாருடா ஏமாத்துனது? இவ மொகத்தக் காட்டி நைனா நெலத்த வாங்கிக்கலாம்னு வந்தவன் நீ. பாகம் பிரிச்சிப் பதியணும்னா சொல்லு, அந்தப் பத்திரத்த நானே அடிச்சித் தர்றேன், எழுத்துக்கூலிகூட வேணாம். உம் பாகத்த நீ வித்துக்க, சந்தோஷமா வித்துக்க. ஆனா வேணாம்னு எழுதிக் குடுக்கறதுக்கு மட்டும் வராத. பேசணும்னா வா, சாப்புட வா, சண்ட போட வா. அந்தக் காயிதத்த மட்டும் எடுத்துகினு வராத."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கேட்கட்டும். அவன் மூன்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு போனான். படியில் இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவன் போன பிறகு எடுத்த மூன்று காப்பியும் கோணலாக வந்தன. ஜெயித்த மாதிரி இல்லை. தம்பி போகிறான் என்றுதான் இருந்தது. ஆனால் ஒரு நொடிகூட, போட்டிருக்கலாமோ என்று தோன்றவில்லை.

காப்பியை வீட்டுச் சுவரில் முதுகுக்குப் பக்கத்தில் ஒட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் கடையிலேயே ஒட்டிவிட்டேன், டைப்பிங் முடிகிறவரைக்கும் ஆட்கள் உட்காருகிற நாற்காலிக்கு நேர் எதிரே. சென்னைக்காரர் பார்த்தால், ஜெராக்ஸுக்கு ஏது மதிப்பு என்பார். சொல்லிக்கொள்ளட்டும்.

போன வாரம் என் வயதுக்கார அம்மா ஒருவரை இரண்டு அண்ணன்மார் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு, டீ குடிக்க வெளியே போனார்கள். மடியில் புதுப் புடவைக் கவர். நான் விடுதலைப் பத்திரத்தை அடித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கா அது? இவ்ளோ கோவமா கீறா?"

"கையெழுத்து போட மாட்டேன்னு சொன்னவ."

அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் புடவைக் கவரை நீவிக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "நான் அத்த ஒரு தபா படிச்சிப் பாக்கலாமாக்கா?" என்றார்.

பிரிண்டரிலிருந்து தாள்களை உருவி அவர் கையில் கொடுத்தேன். "படிங்க, அவசரமில்ல" என்று சொல்லி, ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.